நெகிழி: பயனும் பொறுப்பும்

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வேதியியலாளர் லியோ பேக்லண்ட், 1907ஆம் ஆண்டில் 'பேக்லைட்' என்னும் பொருளை உருவாக்கினார். முழுக்க முழுக்கச் செயற்கை முறையில் உருவான முதல் நெகிழி அதுவே. அது வெப்பத்தைத் தாங்கியது; மின்சாரத்தைக் கடத்தவில்லை. ஆகவே, சுவிட்சுகளும் தொலைபேசிகளும் அதனைக் கொண்டு செய்யப்பட்டன.

இன்று நெகிழி பல துறைகளில் பயன்படுகிறது. மின்கம்பிகளுக்கு அது பாதுகாப்பு உறையாக அமைகிறது. துருப்பிடிக்காததால், தண்ணீர்க் குழாய்கள் செய்யவும் உதவுகிறது. முன்பு கண்ணாடிப் புட்டிகளில் சேமிக்கப்பட்ட இரத்தம், இப்போது உடையாத நெகிழிப் பைகளில் சேமிக்கப்படுகிறது. போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, கரியிழையால் வலுவூட்டப்பட்ட நெகிழி போன்ற கலப்புப் பொருள்களே. இதனால் விமானத்தின் எடை குறைகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது.

நெகிழி எளிதில் மக்குவதில்லை. குழாய்க்கு நன்மை தரும் இத்தன்மை, குப்பையில் சிக்கலாகிவிடுகிறது. வீசப்படும் நெகிழி தானாக மறையாது. அதை அப்புறப்படுத்தச் செலவும் இடமும் தேவை. சிங்கப்பூரில் மறுசுழற்சி செய்யப்படாத நெகிழி, மற்றக் குப்பையுடன் எரிக்கப்படுகிறது. எஞ்சும் சாம்பல் செமாக்காவ் குப்பை நிரப்புமிடத்தைச் சென்றடைகிறது. 1999இல் செயல்படத் தொடங்கிய அவ்விடம், 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடக்கூடும். குப்பையைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்றாக, 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் ஒருமுறை பயன்படுத்தும் பை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 5 காசு வசூலிக்கின்றன.

பல்லாண்டு உழைக்கும் குழாய்க்கும் உயிர்காக்கும் இரத்தப் பைக்கும் நெகிழி தேவை. சில நிமிடங்களே பயன்படும் பைக்கு அது தேவையா என்பதை, அதை வாங்கும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்.