வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த புரதம்

குளத்து நீரில் பச்சையாகப் படரும் சயனோபாக்டீரியாவுக்கு நீலப்பச்சைப் பாசி என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அது பாசியல்ல, பாக்டீரியா. தாவரங்களின் பசுங்கணிகமே பண்டைய சயனோபாக்டீரியா ஒன்றின் வழித்தோன்றல்தான். அதனால் இலைக்குள் ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்று அறிய விரும்புவோர் இந்த ஒற்றைச் செல் உயிரியையே முதலில் நாடுகிறார்கள்.

ஒளியைப் பிடித்து வேதியாற்றலாக மாற்றுபவை ஒளித்தொகுதி ஒன்று, ஒளித்தொகுதி இரண்டு எனும் பெரிய புரதக் கூட்டமைப்புகள். நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியேற்றுவது இரண்டாவது. செயல்வரிசையில் அதுதான் முன்னால் நிற்கிறது. எண் கண்டறிந்த வரிசையில் வந்தது. இரண்டும் தைலகாய்டு எனும் கொழுப்புச் சவ்வுக்குள் புதைந்திருப்பவை. அவற்றின் அமைப்பைக் காணப் படிகமாக்க வேண்டும். சவ்விலிருந்து பிடுங்கினால் குலைந்துபோகும், பிடுங்காமல் படிகமாக்கவும் முடியாது. இந்தச் சிக்கலே ஆய்வாளர்களைப் பல்லாண்டுகள் அலைக்கழித்தது.

கைகொடுத்தது வெப்பம். ஜப்பானின் பெப்பு வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மோசினெக்கோகாக்கஸ் எலாங்கேட்டஸ் 50 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் செழிப்பது. அந்தச் சூட்டைத் தாங்கும்படி அமைந்த அதன் புரதங்கள் ஆய்வகத்தின் கையாளலையும் தாங்கின.

செல்களை வளர்த்து, செல்சுவரை லைசோசைம் நொதியால் தளர்த்தி உடைத்து, முதலில் சவ்வைத் தனியே எடுக்கிறார்கள். அதில் டோடெசில் மால்டோசைடு போன்ற மென்மையான சோப்பு வகைப் பொருளைச் சேர்க்கிறார்கள். அதன் மூலக்கூறுகள் புரதத்தைச் சூழ்ந்து, கொழுப்பு இருந்த இடத்தைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். அளவு கூடினால் புரதம் சிதையும், குறைந்தால் சவ்வை விட்டு வராது. ஒளியால் கெடாதிருக்க மங்கலான பச்சை விளக்கு, குளிர் அறை. பிறகு அடுக்கடுக்காக அடர்த்தி மாறும் சர்க்கரைக் கரைசலில் இட்டு மையவிலக்குப் பொறியில் அதிவேகமாகச் சுழற்றினால், எடைக்கேற்பப் பட்டைகள் பிரியும். மேலே ஆரஞ்சு நிறக் கரோட்டினாய்டுகள். அடியில் கரும்பச்சையாக, மூன்று மூன்றாகச் சேர்ந்த ஒளித்தொகுதி ஒன்று.

உப்பைக் கூட்டிப் புரதத்தைப் படிகமாக்குவது பரவலான வழி. ஒளித்தொகுதி ஒன்றின் படிகமோ உப்பைக் குறைத்தபோது வளர்ந்தது. 2001இல் பெர்லின் குழு அதன் அமைப்பை 2.5 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியிட்டது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. மூன்று கூறுகளில் ஒவ்வொன்றிலும் 12 புரதங்களும் 96 பச்சைய மூலக்கூறுகளும் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒளியைப் பிடித்து நடுவிலுள்ள ஒரு பச்சைய இணைக்குக் கடத்துபவை.

ஒளித்தொகுதி இரண்டின் படம் அதே 2001இல் 3.8 ஆங்ஸ்ட்ராம் அளவில் வந்தது. ஆனால் அந்த மங்கலில் நீரைப் பிளக்கும் மையத்தின் அணுக்களைப் பிரித்தறிய முடியவில்லை. 2011இல் ஒசாகா நகரப் பல்கலைக்கழக, ஒகயாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தெர்மோசினெக்கோகாக்கஸ் வல்கானஸிலிருந்து எடுத்த படிகத்தை வைத்து 1.9 ஆங்ஸ்ட்ராமை எட்டினர். நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து, கோணலான நாற்காலி போல ஒரு சிறு கூட்டமாக நின்றன. பூமியின் காற்றில் உள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய முழுவதும் இத்தகைய மையங்களில் பிறந்ததே.

அங்கும் ஓர் இடறல். படமெடுக்கப் படிகத்தில் பாய்ச்சும் எக்ஸ் கதிரே மாங்கனீசின் நிலையை மாற்றிவிடுகிறது. காணும் அமைப்பு இயல்பானதுதானா என்ற ஐயம் எழுந்தது. இதற்கு விடையாக, 2015இல் வெளியான ஆய்வுக்காக ஜப்பானின் சாக்லா எக்ஸ் கதிர் லேசர் கருவியில், ஒரு நொடியின் கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத் துடிப்புகளால், சேதம் பரவும் முன்பே படமெடுத்தார்கள். மைய அணுக்களுக்கிடையிலான சில தூரங்கள் முந்தைய படத்தைவிடச் சற்றுக் குறைவாக இருந்தன.

இப்போது படிகமே வேண்டாம் என்கிற நிலையும் வந்திருக்கிறது. கரைசலை நொடியில் உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பல்லாயிரம் துகள்களின் படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவை அமைக்கிறார்கள். ஒளியை அள்ளித்தரும் நீலநிற பைகோபிலிசோம் போன்ற பெரிய, எளிதில் உதிர்ந்துவிடும் அமைப்புகளையும் இவ்வழியே நுட்பமாகக் காண முடிந்தது.