சோறு குன்று! பருப்புத் துளி!

சர்க்கரை நோய் தலைவிதியாம்! பூர்வஜென்மப் பாவமாம்! பரிகாரப் பட்டியலை நீட்டுகிறார்கள் சிலர். இல்லை தோழர்களே! நோய் தட்டிலே இருக்கிறது. உட்கார்ந்தே பார்க்கும் வேலையிலே இருக்கிறது. கடைத்தெருவிலே பருப்பு விற்கும் விலையிலே இருக்கிறது.

"டீயிலே சர்க்கரை வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிக் குடிக்கிறார் நம் தோழர். நடுப்பகலில் சாப்பாடு வருகிறது. குழம்புக்கு ஒரு குன்று, ரசத்துக்கு ஒரு குன்று, மோருக்கு ஒரு குன்று! ஊறுகாய் அளவுக்கு ஓரத்திலே பொரியல். அந்தச் சோற்றின் மாவுச்சத்து குடலிலே உடைந்து, சர்க்கரையாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது. டீக்கடையிலே விரட்டிய சர்க்கரை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது!

அந்தச் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் சாவிதான் இன்சுலின். சுரப்பது கணையம். வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு ஏற ஏற, சாவி போட்டாலும் பூட்டு திறக்க மறுக்கிறது. கணையமோ மேலும் மேலும் சுரந்து ஈடுகொடுக்கிறது, ஆண்டுக் கணக்கில், வெளியே தெரியாமல். அது களைத்த பிறகுதான் பரிசோதனைச் சீட்டு நம்மைப் பயமுறுத்துகிறது. இன்சுலினுக்கு உடல் பணியாத இந்த வகையை 1936லேயே பிரித்துக் காட்டினார் ஹிம்ஸ்வொர்த் என்ற ஆங்கில மருத்துவர்.

மூட்டை தூக்கிய தசை, மூன்று குன்றையும் எரித்தது. அந்தத் தோழர் இன்று இரவுக் காவலாளியின் நாற்காலியிலே, ஆட்டோ இருக்கையிலே! வேலை மாறியது, சோற்றின் அளவு மாறவில்லை.

சோற்றைப் பழிக்கிறோமா? பழிப்போமா நாம்! பஞ்சத்தையும் பதுக்கலையும் கண்ட நாட்டிலே, 1967ல் ரூபாய்க்குப் படி அரிசி போட்ட கழகத்தார் நாம். 2008ல் கிலோ ஒரு ரூபாய். 2011 முதல் விலையில்லை. பசியை வென்றது அந்த அரிசி. ஆனால் வெறும் அரிசியோடு நின்றுவிட்டதே, அதுதான் நம் கவலை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2025ல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்து! அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ தாவினால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை; மொத்த மாவுச்சத்தே குறைந்து, அந்த இடத்திலே பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் ஏற வேண்டும் என்கிறது அது. சப்பாத்தி எட்டு அடுக்கிவிட்டுப் பத்தியம் என்போர் கவனிக்க!

பாதாம் தின்னு என்பார் பங்களாவாசி. நமக்குச் சுண்டல் இருக்கிறது, வேர்க்கடலை, முட்டை, மத்தி மீன், கீரை இருக்கின்றன. ஒரு குன்றைக் குறைத்து அங்கே இவற்றை வைக்கலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், மருத்துவரைக் கேட்காமல் சோற்றைச் சட்டென வெட்டினால், சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்து மயங்கி விழ நேரும். மாத்திரையைத் தூக்கி எறி என்று முழங்குவோரிடமும் காது கொடுக்காதீர்.

இனி ரேஷன் கணக்கு. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய். நால்வர் வீட்டிலே நாளைக்குத் தலைக்கு எட்டு கிராம்! சாம்பாரிலே அது எங்கே மிதக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆட்சியில் எவர் இருப்பினும் கேட்போம், ஒன்றை மூன்றாக்கு என்று. வட்டக் கூட்டத்திலே தீர்மானம் போடுங்கள் தோழர்களே. கடலையையும் முட்டையையும் அதிலே சேர்த்து எழுதுங்கள்.