சிக்ஸ் பேக் இருந்தா சம்பளம் வருமா?

காலை 5 மணி. ரூமில் எல்லாரும் குறட்டையில் இருக்க, ஒருத்தர் மட்டும் டிராக் பேன்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். ராத்திரி 10 மணிக்குத்தான் திரும்புவார். நடுவில் மதியம் முழுக்க தூக்கம்! ஜிம் ட்ரெயினரின் ஒருநாள் இப்படித்தான். ஊரெல்லாம் வேலைக்குக் கிளம்பும் முன்பும், வேலை முடிந்து வந்த பிறகும்தான் இவருக்கு வேலை.

'நமக்குத்தான் ஜிம்முன்னா உயிராச்சே... அதையே தொழிலா எடுத்துக்கிட்டா என்ன?' என்று யோசிக்கிற ஆளா நீங்கள்? சூப்பர். கண்ணாடி முன்னால் ஆர்ம்ஸ் பார்த்தது போதும். பேப்பரும் பேனாவும் எடுங்க, ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

என்ன படிக்கணும்?

டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல அரசு லைசென்ஸ் எதுவும் இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் கிடையாது. அதனால்தான் ஆறு மாதம் வெயிட் தூக்கியவர்கூட திடீர் 'மாஸ்டர்' ஆகிவிடுகிறார். ஆனால், பெரிய ஜிம்களில் முதல் கேள்வியே, 'சர்டிஃபிகேட் இருக்கா?'தான்.

ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். போன்ற அமெரிக்க அமைப்புகளின் சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு. ஏ.சி.இ. தேர்வில் 3 மணி நேரத்தில் 150 கேள்விகள். 18 வயது ஆகியிருக்க வேண்டும். மயங்கி விழுந்தவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர். பயிற்சியும் கட்டாயம். பாஸ் பண்ணியதோடு விட்டுவிட முடியாது பாஸ்! 2 வருடத்துக்கு ஒருமுறை, 20 மணி நேரம் புதிதாகப் படித்துப் புதுப்பிக்க வேண்டும்.

உடற்கல்வியையே முறையாகப் படிக்க ஆசையா? 1920-ல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்?

புதிதாகச் சேருபவர் முதலில் 'ஃப்ளோர் ட்ரெயினர்'. வருகிறவர்களுக்கு மெஷின் காட்டிக் கொடுக்கணும், வெயிட்டை எடுத்து அடுக்கணும். மாதச் சம்பளம் சிறுசுதான். உண்மையான வருமானம் 'பர்சனல் ட்ரெயினிங்'கில். அங்கே க்ளையன்ட் கட்டும் பணத்தில் ஜிம்முக்கு ஒரு பங்கு, உங்களுக்கு ஒரு பங்கு.

ஊருக்கு ஊர், ஜிம்முக்கு ஜிம் ரேட் மாறும். ஒரு மாதிரிக் கணக்கு மட்டும் பார்ப்போம். மாதம் 12 வகுப்புக்கு ஒருவர் 6,000 ரூபாய் கட்டுகிறார். பாதி உங்களுக்கு என்றால் 3,000. பத்து பேர் இருந்தால் 30,000. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் நாலு பேர் 'அடுத்த மாசம் பார்க்கலாம் மாஸ்டர்' என்று நழுவினால்? 18,000-க்கு வந்துவிடும். உங்களுக்கே காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தாலும் அந்த வகுப்புகளுக்குக் காசில்லை.

வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தால் முழுப் பணமும் நமக்கு. ஆனால் பெட்ரோலும், டிராஃபிக்கில் கரையும் நேரமும் நம் செலவு.

'வெளிநாட்டுல அள்ளலாமே?' என்கிறீர்களா? அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி, 2023 மே மாதம் ஃபிட்னஸ் ட்ரெயினர்களைச் சம்பள வரிசையில் நிற்கவைத்தால், நட்டநடுவில் நிற்பவரின் ஆண்டு வருமானம் 46,480 டாலர். அங்கே எல்லாத் தொழிலையும் சேர்த்துப் பார்த்தால் நடுவில் நிற்பவர் வாங்குவது 48,060 டாலர். ஆக, அங்கேயும் இது கொட்டிக்கொடுக்கும் தொழில் இல்லை!

உஷார்... உஷார்!

வருமானம் இறங்கும் மாதத்தில்தான் சபலம் எட்டிப்பார்க்கும். 'இந்தப் பவுடர் டப்பாவை வித்துக் கொடு, கமிஷன் தர்றேன்' என்பார் ஒருத்தர். 'ஊசி போட்டா மூணே மாசத்துல பாடி' என்பார் இன்னொருத்தர். ஸ்டீராய்டு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து. கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும், ஆண்மைக்கும் வேட்டு வைக்கும். உங்களை நம்பி வந்த 19 வயசுப் பையனுக்கு அதைக் கைகாட்டிவிட்டு, அவன் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

அப்போ இந்த வேலை வேண்டாமா?

தாராளமாக வரலாம். ஆனால் டிகிரியைப் பாதியில் விடாதீர்கள். படிக்கும்போதே சாயங்கால ஷிஃப்டில் சேர்ந்து, ஒரு வருடம் தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை பேங்கில் ஒதுக்கிய பிறகு முழுநேரத்துக்கு மாறுங்கள்.

முக்கியமாக, உங்கள் பைசெப்ஸைப் பார்த்து வருபவர் ஒரு மாதம்தான் இருப்பார். 'முட்டி வலிக்குது தம்பி' என்று தயங்கி நிற்கும் ஐம்பது வயது அம்மாவுக்கு எந்தப் பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருந்தால், அவர் வருடக்கணக்கில் வருவார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வருவார்.

நியூ இயர் சபதம் எடுத்து ஜனவரியில் எல்லா ஜிம்மிலும் கூட்டம் அள்ளும். பிப்ரவரியிலும் உங்களைத் தேடி யார் வருகிறார்களோ, அவர்கள்தான் உங்கள் சம்பளம்!