கப்பல் டூர் புக் பண்றீங்களா? பால்கனிக்குக் காசு கட்டும் முன் டெக் பிளானைப் பாருங்க!



ஒரகடத்துலயோ ஸ்ரீபெரும்புதூர்லயோ வேலை. வீடு காஞ்சிபுரம். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆச்சு, கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு. தறியிலயே வாழ்நாளைக் கழிச்ச அப்பா அம்மாவை ஒரு தடவையாவது கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆசை நல்ல ஆசை. ஆனா புக்கிங் பக்கத்தைத் திறந்ததும் ஒரு கேள்வி வரும்: இன்சைட் கேபினா, ஜன்னல் வச்சதா, பால்கனியா? நிறைய பேர் "எப்பவாவது ஒரு தடவைதானே போறோம்"னு விலை அதிகமானதைத் தட்டிடுவாங்க. அதிக விலை கொடுத்தா அதிக சௌகரியம்னு நினைப்பு. கப்பல்ல அந்தக் கணக்கு பல நேரம் தலைகீழ். உங்க அப்பா அம்மா ராத்திரி நிம்மதியா தூங்குவாங்களா, தலைசுத்தி வாந்தி எடுப்பாங்களான்னு முடிவு பண்றது கேபினோட விலை இல்லை, அது கப்பல்ல இருக்கிற இடம்.

நம்ம பக்கத்துல என்ன கப்பல்?

2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து கார்டிலியா நிறுவனத்தோட 'எம்ப்ரஸ்' சுற்றுலாக் கப்பல் கிளம்பினது நினைவிருக்கும். 2023 ஜூன்ல அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போச்சு. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு மூணு துறைமுகம். சீசனைப் பொறுத்து சென்னை, மும்பை, கொச்சின்னு கிளம்புற ஊர் மாறும். அதனால தேதியைப் பார்த்துட்டுத்தான் லீவு போடணும்.

எம்ப்ரஸ் 1990-ல ஓட ஆரம்பிச்ச கப்பல். நீளம் சுமார் 211 மீட்டர். சிங்கப்பூர்லேருந்து கிளம்புற 'ஜென்டிங் ட்ரீம்' 2016-ல வந்தது, நீளம் 335 மீட்டர். இந்த ரெண்டு எண்ணையும் மனசுல வச்சுக்குங்க. ஒரே அலையில சின்னக் கப்பல் அதிகமா ஆடும், பெரிய கப்பல் குறைவா ஆடும். அதனால நம்ம கடற்கரையிலிருந்து கிளம்புற நடுத்தர அளவு கப்பலுக்கு கேபின் இடம் இன்னும் முக்கியம்.

எங்கே ஆட்டம் அதிகம்? தேரைப் பாருங்க

வரதராஜப் பெருமாள் கோயில் தேர் காந்தி ரோட்டுல வரும்போது பார்த்திருப்பீங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல பெருசா அசைவே தெரியாது. ஆனா உச்சியில இருக்கிற கலசம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். ஒரே தேர்தான், உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடுது. கப்பல் பக்கவாட்டுல சாயும்போதும் இதேதான் நடக்குது.

இன்னொரு ஆட்டம் இருக்கு. கப்பலோட மூக்கு மேல போனா வால் கீழ போகும், அப்புறம் மாறி வரும். இதுக்கு உதாரணம் நம்ம பஸ். வேகத்தடையில ஏறி இறங்கும்போது கடைசி சீட்டுல இருக்கிறவர் கூரையில முட்டிக்குவார். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உட்கார்ந்தவர் பேப்பர் படிச்சுட்டு வருவார்.

இதை எண்ணாவும் பார்க்கலாம். 211 மீட்டர் கப்பல் நடுப்புள்ளியில இருந்து வெறும் 1 டிகிரி முன்பின்னா சாய்ஞ்சா, முனையில இருக்கிற கேபின் ஏறக்குறைய 1.8 மீட்டர் ஏறும், அதே அளவு இறங்கவும் செய்யும். ஒரு ஆள் உயரத்துக்கும் மேல! நடுப்புள்ளியிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கிற கேபினுக்கு அதே சாய்வுல வெறும் 35 சென்டிமீட்டர்தான். கப்பல் ஒண்ணு, அலை ஒண்ணு, அனுபவம் மட்டும் வேற.

பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க இப்போதைய கப்பல்கள்ல மீன் துடுப்பு மாதிரி 'ஸ்டெபிலைசர்' இருக்கும். ஆனா முன்பின் ஆட்டத்துக்கு அது பெருசா உதவாது. அதனால சூத்திரம் சிம்பிள்: நீளவாக்குல நடு, உயரவாக்குல கீழ்.

அப்போ விலை எதுக்கு ஏறுது?

உயரத்துக்கு, ஜன்னலுக்கு, பால்கனிக்கு, அறை அளவுக்கு. சூட் அறைகள் பெரும்பாலும் மேல் டெக்குல, சில கப்பல்ல முன்முனையிலோ பின்முனையிலோ இருக்கும். காட்சி பிரமாதம்தான். ஆனா கடல் கொந்தளிச்சா அதிகமா ஆடுறதும் அங்கேதான்.

கீழ் டெக்குல நடுவுல இருக்கிற ஜன்னல் கேபினை 'சாதாரணம்'னு லிஸ்ட்ல கீழே தள்ளியிருப்பாங்க. ஆனா முதல் தடவை கடல்ல போறவங்களுக்கு அதுதான் நல்ல அறை. பட்டுப்புடவைக் கடையில மேல் அலமாரியில இருக்குன்னு யாராவது புடவை எடுப்பாங்களா? ஜரிகையைப் பார்ப்போம், கரை கோர்வையான்னு கேட்போம், பின்பக்கம் திருப்பிப் பார்ப்போம். கேபினுக்கும் அந்தக் கண்ணு வேணும்.

ஒரு சின்னக் கணக்கு

இது கணக்குக்காக எடுத்த எண்கள். உங்க தேதிக்கு வர்ற உண்மையான கட்டணத்தைப் போட்டுப் பாருங்க. ஒரு கேபின்ல ரெண்டு பேர், 3 ராத்திரி.

- இன்சைட்: தலைக்கு ₹28,000. மொத்தம் ₹56,000
- ஜன்னல்: தலைக்கு ₹34,000. மொத்தம் ₹68,000
- பால்கனி: தலைக்கு ₹48,000. மொத்தம் ₹96,000

இன்சைடுக்கும் பால்கனிக்கும் வித்தியாசம் ₹40,000. இப்போ கேளுங்க: முழிச்சிருக்கும்போது கேபின்ல எவ்ளோ நேரம் இருக்கப் போறீங்க? சாப்பாடு வெளிய, ஷோ வெளிய, சூரிய உதயம் பார்க்க மேல் டெக் இலவசம். ஒரு நாளைக்கு 2 மணி நேரம்னு வச்சா 3 நாளைக்கு 6 மணி. ₹40,000-ஐ 6-ஆல வகுத்தா, பால்கனியில உட்கார ஒரு மணி நேரத்துக்கு சுமார் ₹6,700.

அந்த ₹40,000, மாசம் ₹4,000 ஆர்டி போட்டா பத்து மாசச் சேமிப்பு. பத்து மாசத்தை ஆறு மணி நேரத்துக்குக் கொடுக்கலாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

பால்கனியே வேஸ்ட்னு சொல்லலை. ஏழு எட்டு ராத்திரிப் பயணம், மூடின அறையில மூச்சு முட்டுற அம்மா, மாடிப்படி ஏற முடியாத அப்பா. இந்த மாதிரி காரணம் இருந்தா பால்கனிக்குக் கொடுக்கிற காசு நியாயம். அப்பவும் நடுப்பகுதியில, முடிஞ்ச அளவு கீழ் டெக்குல இருக்கிற பால்கனியா எடுங்க.

இன்சைட் கேபினுக்கு ஒரு எச்சரிக்கை. தலைசுத்தல் வர்றது ஏன்னா, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுறோம்"னு சொல்லும், கண்ணு "சுவர் ஆடலையே"ன்னு சொல்லும். மூளை குழம்பிடும். தொடுவானத்தைப் பார்த்தா கண்ணும் காதும் ஒத்துப்போகும். ஜன்னல் இல்லாத அறையில அந்த வசதி இல்லை, எழுந்து டெக்குக்குப் போகணும். அதனால பஸ்ல போனாலே வாந்தி வர்ற ஆள் கூட வந்தா, இன்சைடுக்கும் ஜன்னலுக்கும் இருக்கிற அந்த ₹12,000-ஐக் கொடுத்துடலாம்.

டெக் பிளானை எப்படிப் படிக்கிறது?

டெக் பிளான்னா ஒவ்வொரு மாடிக்குமான வரைபடம். கப்பல் கம்பெனி சைட்டுலயே இருக்கும். புக் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம் பாருங்க.

1. மேலயும் கேபின், கீழயும் கேபின். நீங்க எடுக்கிற இடத்துக்கு நேர் மேல் மாடியும் நேர் கீழ் மாடியும் என்னன்னு பாருங்க. மேல நீச்சல் குளமோ பஃபேயோ இருந்தா விடிகாலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். கீழ தியேட்டரோ டிஸ்கோவோ இருந்தா நடுராத்திரி வரைக்கும் தரை அதிரும். ரெண்டு பக்கமும் கேபினா இருந்தா நிம்மதி.

2. லிஃப்ட் பக்கத்துல வேணும், ஆனா ஒட்டி வேண்டாம். முட்டிவலி இருக்கிறவங்களுக்கு நாலஞ்சு கதவு தள்ளி இருந்தா சரியான தூரம். நேர் எதிர்ல இருந்தா ராத்திரி முழுக்கப் பேச்சுச் சத்தம்.

3. கனெக்டிங் கதவு. ரெண்டு கேபினுக்கு நடுவுல கதவு இருந்தா படத்துல சின்னக் குறியீடு போட்டிருக்கும். உங்க குடும்பமே ரெண்டு அறையும் எடுத்தா நல்லது. பக்கத்துல தெரியாதவங்கன்னா, அவங்க டிவி உங்க அறையில கேட்கும்.

4. மறைக்கிற காட்சி. சில ஜன்னலுக்கு முன்னாடி உயிர்காப்புப் படகு தொங்கும். விலை குறைவா இருக்கும். வெளிச்சம் மட்டும் போதும்னா லாபம்தான், கடல் தெரியணும்னா வேண்டாம்.

5. ரெண்டு முனைகள். முன்முனையில நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம், பின்முனையில இன்ஜின் அதிர்வு. ரொம்பக் கீழ் டெக் எடுக்கும்போது பின்பக்கத்தைத் தவிர்த்துடுங்க.

'கேரண்டி கேபின்' ஆஃபர் வந்தா?

"வகை மட்டும் உறுதி, அறை எண்ணை நாங்களே பிறகு சொல்றோம்"னு கம்மி விலைக்குக் கொடுப்பாங்க. நண்பர்கள் நாலு பேர் போறீங்கன்னா தாராளமா எடுங்க. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனா எடுக்காதீங்க. முன்முனையில கிடைச்சாலும் மாத்தித் தரணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்லை. கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் கூடுதல் கேட்டா, இந்த மொத்தப் பயணத்துல நீங்க கொடுக்கிற உருப்படியான காசு அதுதான்.

ஒரே கேபின்ல மூணாவது ஆளா நீங்களும் போனா, மூணாவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆனா அந்தப் படுக்கை சுவர்லேருந்தோ மேலேருந்தோ இறங்குற பெர்த்தா இருக்கும். அதுல ஏறிப் படுக்க வேண்டியது நீங்கதான், அப்பா இல்லை.

எந்த மாசம் போறீங்கங்கிறதும் கேபின் மாதிரிதான்

வங்காள விரிகுடாவுல அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். ஏப்ரல் கடைசி, மே மாசத்துலயும் புயல் வரலாம். அரபிக் கடல் பக்கம் ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுல கடல் கொந்தளிக்கும். நம்ம கிழக்குக் கரையில பிப்ரவரி, மார்ச் பொதுவா அமைதியான மாசங்கள். சலுகை விலை ஏன் அந்தக் குறிப்பிட்ட மாசத்துல வருதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

கிளம்பும் முன்னாடி பெரியவங்களுக்கு டாக்டரைக் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கி வச்சுக்குங்க. அது ஆட்டம் தொடங்கும் முன்னாடியே போட்டாத்தான் நல்லா வேலை செய்யும். நிறைய மாத்திரை தூக்கம் வரவைக்கும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் பிரச்சினை உள்ளவங்களுக்குச் சில மாத்திரை ஆகாது. அதனால நீங்களாவே மெடிக்கல்ல வாங்கிக் கொடுத்துடாதீங்க.

விளம்பர விலைக்கு மேல வர்ற செலவு

துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, தலைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவுன்னு போடுற டிப்ஸ் கட்டணம், வைஃபை, கரையில இறங்கிச் சுத்திப் பார்க்கிற டூர். இதெல்லாம் தனித்தனியா வரும். வெளிநாட்டுக் கப்பல்னா கார்டுல அந்நிய நாணய மார்க்கப்பும் ஏறும். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்லை, வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆனா புக் பண்ற அன்னைக்குக் கையில இருக்கணும். தனி ஆளா ஒரு கேபின் எடுத்தா ரெண்டு பேர் கட்டணத்துக்குப் பக்கத்துல போகும், அதையும் கவனிங்க.

இதை இ.எம்.ஐ.யில போகாதீங்க. ஒரு வருஷம் முன்னாடியே தனி ஆர்டி போடுங்க. மேல சொன்ன உதாரணத்துல ஜன்னல் கேபின் ₹68,000. கூடுதல் செலவுக்கு ₹16,000 சேர்த்தா ₹84,000. மாசம் ₹7,000 வீதம் 12 மாசத்துல வந்துடும்.

கடைசியா ஒண்ணு

குழித்தறியில உட்கார்ந்து நெய்யுறவங்களுக்கு முட்டியும் இடுப்பும் எப்படி இருக்கும்னு நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. அவங்களுக்கு இது முதல் கப்பல், ஒருவேளை கடைசிக் கப்பலாவும் இருக்கலாம். முதல் ராத்திரியே வாந்தி எடுத்துட்டா மிச்ச ரெண்டு நாளும் "எப்போ கரை வரும்"னுதான் இருப்பாங்க. "உனக்கு எவ்ளோ செலவு வச்சுட்டோம்"னு வேற வருத்தப்படுவாங்க. அந்த நிலைமைக்கு பால்கனி மருந்து ஆகாது.

அதனால இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. நீங்க போக நினைக்கிற கப்பலோட டெக் பிளானை டவுன்லோடு பண்ணுங்க. நடுவுல ஒரு கோடு போடுங்க. கீழ் டெக்குகள்ல அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல, மேலயும் கீழயும் கேபினா இருக்கிற மூணு எண்ணைக் குறிச்சுக்குங்க. அந்த மூணுல எது காலியா இருக்கோ அதுக்கு மட்டும் விலை கேளுங்க. மிச்சப்படுற காசுல திருகோணமலையில இறங்கி அம்மாவைக் கோணேஸ்வரம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாம். அவங்க ஊருக்கு வந்து நாலு பேர்கிட்ட சொல்லப்போறது அதைத்தான்.