இறப்பைத் தெரிவிக்கப் படிவம் உண்டு. நோய்க்கு மருத்துவர் எங்கே?

புது தில்லி: லோதி ரோடு சிஜிஓ வளாகத்தில் நெடுங்காலம் இயங்கி, 2014-இல் அருகிலுள்ள ஜோர் பாகில் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். புலி, யானைகளின் கணக்கோடு, வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளரும் "ஆக்சலாட்டில்" என்ற மெக்சிகோ நாட்டுச் சாலமாண்டரின் கணக்கும் இப்போது அதன் பொறுப்பில் உள்ளது.

வாழ்நாள் முழுவதும் செவுள்களுடன் நீரிலேயே வாழும் இந்தப் பிராணி, சர்வதேச வன உயிரின வர்த்தக உடன்படிக்கையின் (சைட்டிஸ்) இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழு பரிசீலித்து, 2022 ஆகஸ்டில் மக்களவையும் டிசம்பரில் மாநிலங்களவையும் நிறைவேற்றிய வன உயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அப்பட்டியலை நான்காம் அட்டவணையாக ஏற்றது. 49எம் பிரிவின்படி, இத்தகைய பிராணியை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அது குட்டி ஈன்றாலும் கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின; ஏற்கெனவே வைத்திருந்தோருக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது.

பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே முதுமையும் நோயும் உண்டு. அவற்றைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை.

நல்ல பராமரிப்பில் ஆக்சலாட்டில் 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். வெட்டுண்ட கால் மீண்டும் முளைக்கும் என்று உலகப் புகழ் பெற்ற இப்பிராணியிடம், வயது ஏற ஏற அந்த ஆற்றலும் குறைகிறது. செவுள் இழைகள் சுருங்கும், இரையை நாடாது, உடலில் வெண்பஞ்சு போலப் பூஞ்சை படரும். அப்போது ஆழம் குறைந்த, வெளிச்சம் மங்கிய தொட்டியும், குளோரின் நீக்கிய நீரும், சிறு துண்டுகளாக்கிய மண்புழுவும் தேவை. நீரை அன்றாடம் மாற்ற வேண்டும். அதன் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 24-ஐத் தாண்டினால் ஆபத்து. கோடையில் 45 டிகிரியைத் தொடும் தில்லியில், ஒரு பகல் நேர மின்தடையே நோயுற்ற பிராணிக்கு எமனாகிவிடும்.

கடையில் விற்கும் மீன் மருந்தை ஊற்றுவதும் தீர்வல்ல. இதன் மெல்லிய தோல் நீரிலுள்ளதை அப்படியே உறிஞ்சும்; மீனைக் காக்கும் மருந்து இதைக் கொன்றுவிடக் கூடும். பிழைக்காது என்று தெரிந்ததும் ஃபிரீசரில் வைப்பதைக் கருணை என்று நினைப்போரும் உண்டு. மெல்ல உறைய வைப்பதைக் கால்நடை மருத்துவம் ஏற்பதில்லை. மருந்தின் அளவையும் வலியற்ற முடிவையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். மாட்டுக்கும் கோழிக்கும் நாய்க்கும் பழகிய நமது கால்நடை மருத்துவத்தில் இதற்குத் தேர்ந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தேடிப் பிடித்தாலும் போகத் துணிவு வேண்டுமே! பதிவு செய்யாதவர், சட்டத்துக்கு அஞ்சித் தொட்டியை மூடியே வைப்பார். 2020 ஜூனில் இதே அமைச்சகம், ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து தெரிவிப்போரிடம் ஆவணம் கேட்பதில்லை என்று அறிவித்தது. நோயுற்ற பிராணியுடன் வருவோருக்கேனும் அதே சலுகையை மீண்டும் வழங்க, நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டியதில்லை. ஜோர் பாகிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.