இதயக் கதவைக் காட்டிய எதிரொலி

"எதுக்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்" என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் நம்மில் பலருக்குக் கை கால் ஓடாது. வலிக்குமோ, எக்ஸ்ரே மாதிரி கதிர் பாயுமோ என்று ஆயிரம் சந்தேகம்! அதெல்லாம் ஒன்றுமில்லை, சகோதரிகளே. எக்கோ என்பது வெறும் எதிரொலிதான். அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் டாக்டரே அல்ல, பௌதிகம் படித்தவர்.

கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் 1920-ல் பிறந்த ஜெர்மானியர். அப்பா குஸ்தாவ், பௌதிகத்தில் நோபல் பரிசு வாங்கியவர். ரேடியோவில் 'கிலோஹெர்ட்ஸ்' என்கிறார்களே, அந்தப் பெயருக்குரிய ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், அப்பாவுக்குப் பெரியப்பா! யுத்தம் முடிந்தபின் கார்ல், ஸ்வீடனில் உள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்தார்.

அதே ஊர் இதய வைத்தியர் எட்லருக்கு ஒரு கவலை. இதயத்தின் இடது பக்கம், மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே மைட்ரல் வால்வு என்று ஒரு கதவு இருக்கிறது. சிலருக்கு அது சரியாகத் திறக்காது. சிலருக்குச் சரியாக மூடாது. திறக்காத கதவை விரித்துவிடும் ஆபரேஷன் அப்போதுதான் பரவி வந்தது. மூடாத கதவைப் போய் விரித்தால் விபரீதம்! யாருக்கு எந்தக் கோளாறு என்று எப்படித் தெரிவது? ஈ.சி.ஜி. இருந்தது, ஆனால் அது இதயத்தின் மின்சாரத்தைத்தான் எழுதிக் காட்டும். கதவு ஆடுவதைக் காட்டாது.

"ரேடாரை வைத்து இதயத்தைப் பார்க்க முடியுமா?" என்று 1953-ல் எட்லர் விசாரித்தார். ஹெர்ட்ஸுக்கு வேறு யோசனை தோன்றியது. கப்பல் கட்டுமிடத்தில், இரும்புக்குள் விரிசல் உண்டா என்று ஒலியைச் செலுத்திப் பார்க்கும் கருவி உண்டு. பக்கத்து ஊரான மால்மோவில், நாம் அண்டை வீட்டில் இரவல் கேட்பது போல, அதை வார விடுமுறைக்கு வாங்கித் தன் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு கோடு இதயத் துடிப்போடு சேர்ந்து ஆடியது! பிறகு ஸீமென்ஸ் கம்பெனி தந்த கருவியில், 1953 அக்டோபர் 29 அன்று துடிக்கும் இதயத்தின் எதிரொலியை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். 1977-ல் இருவருக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

கிணற்றில் கத்தினால் குரல் திரும்பி வருகிறதல்லவா? அதே சங்கதிதான். விநாடிக்கு 20 லட்சம் முறைக்கு மேல் அதிரும் ஒலி; நம் காதுக்குக் கேட்காது.

என் ஓரகத்தியின் பெண்ணுக்கு 11 வயதில் முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் வலி கணுக்காலுக்குத் தாவியது. "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் பெரியவர்கள். டாக்டரோ, மூன்று வாரம் முன்பு வந்துபோன தொண்டை வலியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டுவிட்டு எக்கோ எடுக்கச் சொன்னார். நானும் கூடப் போனேன். மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்ததும், "பெரியம்மா, மீன் வாயைத் திறந்து திறந்து மூடற மாதிரி இருக்கே!" என்றாள் குழந்தை. வால்வில் லேசான கசிவு. ருமாட்டிக் ஜுரத்தின் வேலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி ஆரம்பித்தார்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இதுதான். 5 முதல் 15 வயதுக் குழந்தைக்குத் தொண்டை வலியும் ஜுரமும் வந்தால், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த மருந்தை முழுசாக முடியுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மூட்டாகத் தாவும் வலி, மூச்சு வாங்குதல், கை கால் தானாக ஆடுதல் என்று எது தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை. நாலு படி ஏறினாலே மூச்சு முட்டுகிறதா? 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று சும்மா இருக்காதீர்கள். எப்போதோ பழுதான வால்வு இப்போது தலைகாட்டலாம். வயிற்றிலுள்ள சிசுவை ஸ்கேனில் பார்ப்பதும் இதே வகை ஒலியால்தான். ஆகவே எக்கோவுக்குப் பயப்பட வேண்டாம்.

பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை வீட்டில் இருந்தால், 'நல்லாத்தானே இருக்கா' என்று ஒரு தடவைகூடத் தவற விடக்கூடாது. காலண்டரில் பால் கணக்கு எழுதும்போதே, அடுத்த ஊசி என்றைக்கு என்று அந்தத் தேதியையும் வட்டம் போட்டு வையுங்கள்.