கறிவேப்பிலை மேல் கிடப்பது எச்சம்தானா? தெரியுமா?

சேலையூரோ, சிட்லபாக்கமோ, பெருங்களத்தூரோ... ரெண்டு மழை விழுந்து கறிவேப்பிலை துளிர்த்துவிட்டால், இலைமேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் ஒன்று கிடக்கும். ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். எச்சம் நெளியும்! தலைக்குப் பின்னாலிருந்து ஈரமாக ஒரு கவட்டையை நீட்டி, குப்பென்று நாற்றமும் விடும்!

எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகளின் புழு அது. தளிரில் ஒற்றை ஒற்றையாக ஒட்டியிருக்கும் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டையிலிருந்து வந்தது. நான்கு முறை தோலுரித்ததும் எச்ச வேஷம் கலைந்து பச்சைப் பசேலென்று ஆகிவிடும். எப்படி? உடம்பில் ஒரு ஹார்மோன் குறைவதுதான் காரணம் என்று, இதன் சொந்தக்காரப் பூச்சியொன்றை ஆராய்ந்த ஜப்பானியர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். எலுமிச்சை அழகி லேசுப்பட்டதல்ல. கடல் கடந்து 2004-ல் கரீபியனின் டொமினிக்கன் குடியரசு வரை போய்ச் சேர்ந்துவிட்டது!

அரளிப்பாலில் விஷம் இருப்பது ஊருக்கே தெரியும். அதைத் தின்றே வளரும் புழுக்களைத் தெரியுமா? முதுகில் நான்கு ஜோடிக் கறுப்பு இழைகள் ஆடினால், அது வெண்புள்ளிக் கருப்பன். இரண்டே வாரத்தில் இலையடியில் வெள்ளியாக மின்னும் கூட்டுப்புழு தொங்கும். எருக்கஞ்செடியில் மூன்று ஜோடி இழைகள் என்றால் வெந்தய வரியன். எண்ணிப் பார்த்தால் போதும், பெயர் வந்துவிடும்.

அதே அரளியிலோ நந்தியாவட்டையிலோ விரல் தடிமனில் பச்சைப் புழு, வாலில் கொம்பு, இரண்டு நீலக் 'கண்கள்'... பயப்படாதீர்கள்! அது அரளி அந்துப்பூச்சியின் புழு. கண்கள் போலி, நிஜத் தலை அதற்கு முன்னால் குட்டியாக இருக்கிறது. இலையில் அகப்படாவிட்டால் தரையைப் பாருங்கள்: டைல்ஸில் கறுப்பு உருண்டைகளாகப் புழுக்கை கிடந்தால் ஆள் நேர் மேலேதான்.

செம்பருத்தி இலையில் முடி போன்ற காம்புகளின் நுனியில் குண்டூசித் தலையாய் வெள்ளை முட்டைகளா? பூஞ்சை என்று துடைத்து எறிபவர்கள்தான் அதிகம். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள் அவை! காம்பு எதற்கு? முதலில் பொரித்த குஞ்சு அண்ணன் தம்பியைத் தின்றுவிடாமல் இருக்கத்தான். பசி அப்படி! அந்தப் பசியில்தான் அசுவினியும் காலியாகிறது. கொரியாவில் புத்தர் சிலைமேல் இதே முட்டைகளைப் பார்த்துவிட்டு, 3,000 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் உதும்பரப் பூ என்று கூட்டம் கூடிக் கும்பிட்டிருக்கிறது!

முருங்கையின் அடிமரத்தில் பகலில் அடை அடையாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியிடம் மட்டும் இந்த ஆராய்ச்சி வேண்டாம். அரிப்பு தாங்காது.

இன்னொன்று. புழுவின் முதுகில் அரிசிக் குறுணை போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது முட்டையே இல்லை. ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள்! குளவிக் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று, தோலைத் துளைத்து வெளியே வந்து நூற்றவை. அந்தப் புழுவுக்கு இனி மருந்தடிப்பது வீண்.